பாம் செடி வாடுதா? முதல்ல கைய கட்டிக்கிட்டு நில்லுங்க

வீட்டுக்குள்ள பாம் வைக்க ஆரம்பிச்சவங்க அனுப்புற போட்டோல்லாம் பாத்தா ஒரே கதைதான். ஓலை நுனி காஞ்சிருக்கும், கீழ்மட்டை மஞ்சளா தொங்கும், கூடவே "நேத்தே தொட்டி மாத்தி உரமும் போட்டுட்டேன், இன்னும் என்ன பண்ணட்டும்"னு ஒரு கேள்வி வரும். ஒண்ணும் பண்ணாதீங்கன்னுதான் சொல்லத் தோணும், அதை சொன்னா யாருக்கும் பிடிக்கிறதில்ல. அடியில ஓட்டை இல்லாத தொட்டி, நேரடி உச்சி வெயில் மாதிரி எல்லாருக்கும் தெரிஞ்சத விட்டுடறேன்.

வாடின செடிய பெரிய தொட்டிக்கு மாத்துறது

எனக்கு இன்னிக்கும் எரிச்சல் வர்ற விஷயம் இதுதான். நானும் ஒரு காலத்துல பண்ணினதுதான், ஆனா இத்தனை பேர் திரும்பத் திரும்ப பண்றதப் பாக்கும்போது தாங்கல. ஃப்ரெண்ட் ஒருத்தி நெஞ்சு உயரத்துக்கு ஒரு கென்டியா பாம் வச்சிருந்தா. கென்டியா ரொம்ப மெதுவா வளர்ற வகை, அந்த உயரம் வர்றதுக்கே பல வருஷம் ஆகும், விலையும் அதனாலதான் அதிகம். ரெண்டு மட்டை தொங்குச்சுன்னு "பாவம், வேருக்கு இடம் பத்தல போல"ன்னு அவளே முடிவு பண்ணி, பழைய மண்ணையெல்லாம் குழாய்க்கு அடியில வச்சு கழுவி, சிக்கலா இருந்த வேர பிரிச்சு விட்டு, ரெண்டு மடங்கு தொட்டியில வச்சு, ஃபுல்லா தண்ணி ஊத்தி, மேல ஒரு பிடி உரம் வேற. ஒரு மாசம் கழிச்சு நடுக்குருத்த லேசா இழுத்தேன், கையோட வந்துருச்சு, அடி பழுப்பா கூழாகி நாறுது. அதுக்கப்புறம் அந்தச் செடிக்கு செய்ய ஒண்ணுமில்ல.

ஏன் இப்படி ஆகுதுன்னா, மண்ணு காஞ்சாலும் ஓலை தொங்கும், வேர் அழுகினாலும் ஓலை தொங்கும், வெளியில இருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். வேர் அழுகின செடியால தண்ணி குடிக்க முடியாது, அத கொண்டுபோய் இன்னும் நிறைய ஈர மண்ணுக்குள்ள உக்கார வச்சா வேர் எட்டாத மண்ணெல்லாம் நாள்கணக்கா காயாம கிடக்கும், காத்து போகாது, மிச்ச வேரும் போயிடும். பாம் வேர் மா, வேம்பு மாதிரி மரங்களோட வேர் போல வருஷாவருஷம் தடிக்காது, புது வேர் தண்டோட அடியிலேர்ந்துதான் கிளம்பும், சில வகையில வெட்டுப்பட்ட வேர் திரும்ப கிளைக்கவே கிளைக்காது. அரிக்கா பாம் தொட்டியில ஒரே செடி மாதிரி தெரியும், பாதி நேரம் அது கூட்டமா விதைச்ச நிறைய கன்னு, வேரெல்லாம் பின்னிக்கிட்டு இருக்கும். அத தனித்தனியா பிரிச்சு நாலு தொட்டி ஆக்கலாம்னு யாராவது சொன்னா தயவுசெஞ்சு கேக்காதீங்க.

அப்போ என்ன பண்றது? தொட்டிய தூக்கிப் பாருங்க, கனமா இருந்தா உள்ள ஈரம் இருக்கு. விரல ரெண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்க, அடி ஓட்டைய மோந்து பாருங்க. சந்தேகமா இருந்தா மண்ணு உதிராம அப்படியே சரிச்சு வெளிய எடுங்க. நல்ல வேர் வெளுப்பா, கெட்டியா இருக்கும். அழுகின வேர விரல்ல பிடிச்சு உருவினா மேல்தோல் வழுக்கிட்டு வந்துரும், நடுவுல நூல் மாதிரி ஒண்ணு மட்டும் மிஞ்சும். அந்த மாதிரி வேர மட்டும் எடுத்துட்டு அதே தொட்டி, இல்லன்னா இன்னும் சின்ன தொட்டி, கோகோபீட்டோட (தேங்காய் நார்த்தூள்) பெர்லைட்டோ (வெள்ளையா லேசா இருக்கிற கல்லுத் துகள்) பெருமணலோ நிறைய கலந்த கலவை, முன்னாடி இருந்த ஆழத்துலயே நடணும், தண்டு ஒரு விரல் கூட கூடுதலா புதையக்கூடாது. புது குருத்து நகர்ற வரைக்கும் உரம் கிடையாது. குருத்து நகருதான்னு பாக்க, பக்கத்து மட்டை மட்டத்துக்கு குருத்துல மார்க்கர் பேனாவால ஒரு கோடு போட்டு வைங்க, சில வாரத்துல கோடு மேல ஏறியிருந்தா செடி உசிரோட இருக்கு. பழைய ஓலை பச்சை ஆகுமான்னு காத்திருக்காதீங்க, காஞ்சது காஞ்சதுதான்.

ஆரோக்கியமா இருக்கிற செடிய, வேர் அடி ஓட்டை வழியா வெளிய வந்தப்புறம், ரெண்டு இன்ச் பெரிய தொட்டிக்கு மாத்துங்க, போதும்.

மஞ்சள் மட்டைய பாத்ததும் வெட்டுறது

அடி மட்டை ஒண்ணு ஒண்ணா மஞ்சளாகி காயறது வயசு, அதுக்கு வைத்தியம் வேண்டாம். பழைய ஓலைகள்ல ஆரஞ்சு கலந்த மஞ்சப் புள்ளி வந்தா பொட்டாசியம் பத்தல, நடு பச்சையா இருந்து ஓரம் மட்டும் அகலமா மஞ்சளானா மக்னீசியம், புது ஓலையே சின்னதா சுருங்கி வந்தா மாங்கனீசு. இதுல பொட்டாசியம் கதைதான் வேடிக்கை. செடி பழைய மட்டையிலேர்ந்து அத உறிஞ்சித்தான் குருத்துக்கு அனுப்புது, அசிங்கமா இருக்குன்னு நீங்க வெட்டிப் போட்டா அடுத்த மட்டையில கை வைக்கும், அதுவும் மஞ்சளாகும், அதையும் வெட்டுவீங்க. முழுசா காஞ்சப்புறம் வெட்டுங்க, பாமுக்குன்னு இருக்கிற மெதுவா கரையற உரமா போடுங்க.

நுனி காயறதுக்கு ஸ்ப்ரே அடிக்கிறது

ஸ்ப்ரே பண்ணின ஈரம் கொஞ்ச நேரத்துல போயிடும். மண்ணு மேல வெள்ளையா படிஞ்சிருக்கான்னு பாருங்க, அது உப்பு, தண்ணிலேர்ந்தும் உரத்துலேர்ந்தும் சேர்றது, பல நேரம் நுனி காயறதுக்கு காரணம் அதுதான். அடி வழியா நல்லா ஓடுற அளவுக்கு நிறைய தண்ணி விட்டு கழுவி, தட்டுல நிக்கிறத கொட்டிடுங்க. குழாய் தண்ணிய ராத்திரி திறந்து வச்சா குளோரின் போகும், ஃப்ளோரைடு போகாது, மழைத்தண்ணி கிடைச்சா நல்லது. நுனிய கத்தரிக்கும்போது பழுப்புல ஒரு நூல் அளவு விட்டு வெட்டுங்க, பச்சைய தொட்டா அங்கேர்ந்து திரும்ப காயும்.

அடர்த்தியா வரணும்னு உச்சிய வெட்டுறது

வளர்ற முனை ஒரு தண்டுக்கு ஒண்ணே ஒண்ணுதான். வெட்டினா அந்தத் தண்டு காலி.

லீஃப் ஷைன்

ஓலை பளபளன்னு இருக்க அடிக்கிற ஸ்ப்ரே. வேண்டாம். ஈரத்துணி போதும்.

சைகஸையும் பாம்னு நினைக்கிறது

ஓலை பாக்க பாம் மாதிரி இருக்கும், ஆனா அது பாமே இல்ல. முழுச்செடியும் விஷம், விதை ரொம்ப மோசம். நாய், பூனை இருக்கிற வீட்டுல வைக்காதீங்க.

சிலந்திப்பேன தூசின்னு விடுறது

ஓலைக்கு அடியில ஒரு வெள்ளைப் பேப்பர் பிடிச்சு தட்டுங்க, விழுந்த புள்ளி நடந்தா அதுதான். இது பூச்சி இனமே இல்ல, சிலந்தி வகை, அதனால கண்ட பூச்சிமருந்தும் வேலை செய்யாது, அத தின்கிற நல்ல பூச்சிதான் சாகும். செடிய தனியா நகத்தி, ஓலையோட அடிப்பக்கம் தண்ணிய வேகமா அடிச்சு கழுவிட்டு, சோப்புக் கரைசலோ வேப்பெண்ணெயோ தெளிங்க, அஞ்சு ஆறு நாள் விட்டு திரும்ப அடிங்க, இப்படி மூணு நாலு தடவையாவது. முட்டை முதல் தடவையில சாகாது, பொரிச்சு வர்றத தான் அடுத்தடுத்த தடவை பிடிக்கணும்.