செட்டிநாட்டில் உணவு ஆய்வு: துறைகள் கைகோத்துச் செயல்பட ஒரு வழிகாட்டி

காரைக்குடி பலகாரக் கடையொன்றில் விற்பனைக்குத் தொங்கும் ஒரே ஒரு முறுக்குப் பொட்டலத்தின் மீது மூன்று துறைகளுக்குப் பொறுப்பு உண்டு. உரிம எண்ணையும் சேர்பொருள் பட்டியலையும் உணவு பாதுகாப்பு அலுவலர் பார்க்கிறார். நிகர எடையும் அதிகபட்ச சில்லறை விலையும் 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்படி தொழிலாளர் துறை ஆய்வாளரின் பொறுப்பு. கடையின் தொழில் உரிமமும் பின்புறச் சாக்கடையும் மாநகராட்சியைச் சேர்ந்தவை. மூவரும் தனித்தனியே வந்து போனால் கடைக்காரருக்கு வேலை கெடுவதுதான் மிச்சம். ஒருவர் கண்ட குறையை மற்றவர் அறிவதும் இல்லை.

இதைச் சீர்செய்யக் கூட்டம் கூட்டுவதிலிருந்து தொடங்குவது வழக்கம். என் கருத்தில் தொடங்க வேண்டிய இடம் பெயர்ப்பட்டியல். உணவு பாதுகாப்புத் துறையின் உரிமப் பட்டியலையும் உள்ளாட்சியின் தொழில் உரிமப் பட்டியலையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். 2024இல் காரைக்குடி மாநகராட்சியாகி, சுற்றியிருந்த பகுதிகள் அதனுடன் இணைந்ததால், ஒரே கடை ஒரு பட்டியலில் பழைய ஊராட்சி முகவரியிலும் மற்றொன்றில் புதிய முகவரியிலும் இருக்கக்கூடும். ஆகவே முகவரியை நம்பாமல், உணவு பாதுகாப்புத் துறை கடைக்குத் தரும் 14 இலக்க எண்ணையே அடையாளமாகக் கொள்ளுங்கள். அது 1இல் தொடங்கினால் உரிமம், 2இல் தொடங்கினால் சிறு வணிகருக்கான பதிவு. வீட்டிலேயே சீடையும் மணக்கோலமும் சுட்டுக் கொடுக்கும் பெண்களில் பலர் எந்தப் பட்டியலிலும் இருக்கமாட்டார்கள். அவர்களிடம் முதலில் போக வேண்டியது பதிவு விண்ணப்பம்; அபராதச் சீட்டு அன்று.

அடுத்து, எந்த வேலைக்கு யார் முன்னிற்பது என்பதை எழுத்தில் வரையறுக்க வேண்டும். மாதிரி எடுப்பதில் இது மிக முக்கியம். உணவு பாதுகாப்புச் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி உணவு பாதுகாப்பு அலுவலரே மாதிரியை நான்கு பகுதிகளாகப் பிரித்து முத்திரையிட வேண்டும். பகுப்பாய்வாளர் 14 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். சுகாதார ஆய்வாளர் நல்லெண்ணத்தோடு ஒரு டப்பாவில் அள்ளிவரும் குழம்பு, நோய்க்காரணம் அறிய உதவலாமே தவிர, இந்தச் சட்டத்தின்படியான நடவடிக்கைக்கு நிற்காது. மற்றத் துறையினர் சந்தேகத்துக்குரிய பொருளைக் கண்டால் அதை அப்படியே வைக்கச் சொல்லி, உடனே தொலைபேசியில் அழைப்பதே சரியான முறை.

இந்த ஏற்பாட்டின் பலம் கல்யாண வீட்டில்தான் தெரியும். பந்தி முடிந்து சில மணி நேரத்தில் பத்துப் பேருக்கு வாந்தி என்றால் முதல் தகவல் மருத்துவமனைக்குப் போகிறது. அங்கிருந்து சுகாதாரத் துறைக்கு, பிறகு உள்ளாட்சிக்கு என்று அது சுற்றி உணவு பாதுகாப்பு அலுவலரை எட்டுவதற்குள் கோட்டை அடுப்பு அணைந்து, அண்டாக்கள் கழுவிக் கவிழ்க்கப்பட்டு, சமையல்காரர்கள் அடுத்த ஊருக்கு வண்டியேறியிருப்பார்கள். உணவு நச்சு நிகழ்வுகளை மருத்துவர்கள் தெரிவிக்கச் செய்வதற்குச் சட்டத்தின் 35ஆம் பிரிவு இடமளிக்கிறது. அதை நடைமுறையாக்க, அவசரப் பிரிவின் பணி மருத்துவர் மேசையில் இரண்டு எண்கள் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்: ஒன்று வட்டார சுகாதார அலுவலருடையது, மற்றது உணவு பாதுகாப்பு அலுவலருடையது. இருவரையும் ஒரே நேரத்தில் அழைக்க வேண்டும். சுகாதாரக் குழு நோயாளிகளையும் குடிநீர்த் தொட்டியையும் பார்க்க, உணவு அலுவலர் மிஞ்சிய சாதத்தையும் பாயசத்தையும் குளிர்நிலையில் பாதுகாத்து அனுப்புவார். சமையல் குழுவினரின் பெயர், ஊர், கைபேசி எண்களை மண்டப நிர்வாகியே முன்கூட்டி எழுதி வைத்திருந்தால் பாதி அலைச்சல் குறையும்.

பொரித்த எண்ணெய்க்கும் இதே முறை பொருந்தும். திரும்பத் திரும்பக் காயும்போது எண்ணெய் சிதைந்து உருவாகும் மொத்த முனைவுச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது. அளந்து பார்ப்பது உணவு அலுவலர். கழித்த எண்ணெய் சாக்கடைக்குப் போகாமல் கண்காணிப்பது உள்ளாட்சி.

கடைசியாக மாவட்ட எல்லை. செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை ஆகிய இரு மாவட்டங்களிலும் பரவிக் கிடக்கிறது. பள்ளத்தூரில் சுட்ட பலகாரம் பொன்னமராவதிக் கடையில் தரம் தவறியதாகத் தெரிந்தால், மாதிரி எடுத்த மாவட்டம் வழக்கை நடத்த, தயாரிப்பிடத்தை மற்ற மாவட்டம் ஆய்வு செய்து அறிக்கை அனுப்பலாம். இரு மாவட்டங்களிலும் உணவு பாதுகாப்புப் பணிக்குப் பொறுப்பான நியமன அலுவலர்கள் இதற்கான கடிதப் படிவத்தையும் பதில் கெடுவையும் முன்னரே ஒப்புக்கொண்டு, இரு மாவட்ட ஆட்சியர்களின் பார்வைக்கும் ஒவ்வொரு படி அனுப்பிவைப்பது நல்லது.