மூலைக்கல் சாயும் முன்: கம்பிவேலியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு அல்சூரில் குடியிருந்துகொண்டு, மனைவி வழியில் வந்த இரண்டரை ஏக்கர் மானாவாரி நிலத்தை ஆனேக்கல் வட்டத்தில் பார்த்துவருகிறேன். 2020-இல் கர்நாடக நிலச் சீர்திருத்தச் சட்டம் திருத்தப்பட்டு, விவசாயி அல்லாதவரும் விளைநிலம் வாங்கலாம் என்று ஆனதிலிருந்து எங்கள் பக்கம் புதியவர்கள் பெருகிவிட்டார்கள். பத்திரம் பதிவான கையோடு அவர்கள் தொடங்கும் முதல் வேலை வேலிதான். சென்ற மாதம் எதிர்நிலத்து இளைஞர் ஒருவர், தாம் நட்டுமுடித்த கல்தூண்களைக் காட்ட அழைத்துப் போனார். வரிசை நூல் பிடித்தாற்போல் இருந்தது. ஆனால் நான்கு மூலைகளிலும் தூண்கள் துணையின்றி நின்றன. பதினோரு ஆண்டுகளுக்கு முன் நான் போட்ட வேலியையே திரும்பப் பார்த்ததுபோல் இருந்தது.

கையுறை அணிவது, துரு ஏறாத கம்பியாகப் பார்த்து வாங்குவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவற்றைக் கடைக்காரரே சொல்லிவிடுவார்.

மூலைத்தூணுக்கு முட்டுக் கொடுக்காமல் விடுவது

வரிசையின் நடுவில் நிற்கும் தூணைக் கம்பி இரு பக்கமும் சமமாக இழுப்பதால், அந்தத் தூணுக்குக் கம்பியைத் தாங்குவதைத் தவிரப் பெரிய வேலை எதுவும் இல்லை. மூலைத்தூணின் நிலைமை வேறு. ஒரு கம்பியை 100 கிலோ இழுப்பில் நிறுத்தினால், ஐந்து வரிக் கம்பி ஒரு திசையில் 500 கிலோவாக இழுக்கும். செங்கோண மூலையில் இரண்டு திசை இழுப்பும் சேர்ந்து, ஏறத்தாழ 700 கிலோ, தூணை நிலத்தின் உட்பக்கமாகச் சாய்க்கப் பார்க்கும். போதாக்குறைக்கு, சித்திரை வெயிலில் இறுக்கிய 100 மீட்டர் கம்பி, மார்கழி விடியலில் வெப்பம் 20 டிகிரி இறங்கினால் இரண்டரை சென்டிமீட்டர் அளவுக்குச் சுருங்க முயலும். சுருங்க இடமில்லாத கம்பி அந்த இழுப்பையும் மூலையின் மேலேயே ஏற்றும்.

எனக்கு வேலி போட்டுக் கொடுத்த மேஸ்திரி தேன்கனிக்கோட்டைப் பக்கத்தவர். "மூலைக்கு ரெண்டு ரெண்டு முட்டு குடுத்துரலாம் சார், வாசலுக்கும் ரெண்டு" என்று அவர் சொன்னபோது, பத்துக் கல்லுக்குக் கூடுதலாகக் கணக்கு எழுதப் பார்க்கிறார் என்றே நினைத்தேன், வேண்டாம் என்றேன். அவர் மறுபடி பேசவில்லை. ஐப்பசி மழையில் செம்மண் குழைந்ததும் தென்மேற்கு மூலைக்கல் ஒரு சாண் உள்ளே சாய்ந்தது, கம்பிகள் தொய்ந்தன. அப்போதாவது கல்லை நிமிர்த்தி முட்டு வைத்திருக்க வேண்டும். நானோ கடப்பாரையைக் கொடுத்துக் கம்பியைத்தான் மறுபடி முறுக்கினேன். அதாவது எந்த இழுப்பு கல்லைச் சாய்த்ததோ அதையே இன்னும் கொஞ்சம் கூட்டினேன். மார்கழியில் ஒரு காலை போய்ப் பார்த்தபோது கல் தரைமட்டத்தில் முறிந்து கிடந்தது. கருங்கல் எத்தனை பாரத்தையும் தலையில் சுமக்கும், ஆனால் வளைக்கும் விசையைத் தாங்காது. இரும்புக்கோணம் என்றால் வளைந்தாவது நிற்கும், கல்லுக்கு அந்த இரண்டாம் வாய்ப்பு இல்லை. விடுபட்ட கம்பி அடுத்த மூன்று தூண்களையும் சரித்திருந்தது. அறுவடைக்கு நின்ற ராகியில் யாருடைய மாடுகளோ வயிறார மேய்ந்திருந்தன. கான்கிரீட்டுக்குள் புதைந்திருந்த இரண்டடி அடிக்கட்டையைத் தோண்டி எடுக்கவே இரண்டு ஆட்களுக்கு இரண்டு நாள் ஆயிற்று. அந்தக் கூலியில் பத்து முட்டுக்கல்லும் வாங்கியிருக்கலாம், மிச்சமும் இருந்திருக்கும்.

முட்டு வைத்தவர்களிலும் பாதிப்பேர் அதைத் தப்பாக வைக்கிறார்கள். முட்டுக்கல் வேலியின் உட்புறத்தில், கம்பி ஓடும் கோட்டிலேயே சாய்ந்திருக்க வேண்டும்; இரண்டு கோடுகள் சந்திக்கும் மூலைக்கு இரண்டு முட்டு என்பது இதனால்தான். அதன் தலை, தரைக்கு மேல் தெரியும் தூணின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கில் பொருந்த வேண்டும். கால், அந்த உயரத்துக்குக் குறையாத தூரம் தள்ளி, மண்ணுக்குள் தட்டைக்கல் ஒன்றின் மேல் ஊன்றியிருக்க வேண்டும். இடம் மிச்சம் பிடிக்க முட்டைச் செங்குத்தாக நெருக்கி வைத்தால், அது தூணைத் தாங்குவதை விட்டுவிட்டு மேல்நோக்கி நெம்பத் தொடங்கும். நீண்ட நேர்கோட்டிலும் பத்துப் பன்னிரண்டு தூணுக்கு ஒன்றை இருபுறமும் முட்டுக் கொடுத்து நிறுத்துவது நல்லது. கான்கிரீட் போட்ட மறுநாளே கம்பியை இழுக்கக் கூடாது. ஒரு வாரமாவது தண்ணீர் காட்டிவிட்டுத்தான் இழுக்க வேண்டும்.

எதிர்நிலத்து இளைஞரின் மேஸ்திரியைத் தனியே கேட்டேன். "சொன்னா யாரும் ஒத்துக்கறதில்ல சார், நானும் சொல்றத விட்டுட்டேன்" என்றார். அந்த நிலத்து வாசலில் பண்ணையின் பெயர் பொறித்த வளைவு ஒன்று ஏற்கெனவே எழும்பியிருந்தது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

எண்ணைப் பார்த்து ஏமாறுவது

கம்பியின் கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும்: 12 கேஜ் ஏறத்தாழ 2.6 மி.மீ., 14 கேஜ் ஏறத்தாழ 2 மி.மீ. முள்கம்பி எடைக்கு விற்கப்படுவதால் 14 கேஜில் அதே பணத்துக்குக் கூடுதல் நீளம் கிடைக்கும். மாடு உரசும் பக்கத்தில் அந்தக் கூடுதல் நீளத்தால் பயனில்லை.

கறுப்புக் கட்டுக்கம்பியால் கட்டுவது

அது கான்கிரீட்டுக்குக் கம்பி கட்டும் சென்ட்ரிங் வேலைக்கு உரியது. வேலிக்கு ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசிய, கட்டுக்கம்பி.

சில்வர் ஓக் மரத்தில் ஆணி அடிப்பது

மரம் பருக்கும்போது கம்பியை விழுங்கிவிடும். பிறகு அறுக்கும் ரம்பத்துக்குத்தான் கேடு.

அளக்காமல் நடுவது

பழைய வரப்பை எல்லையாக நம்பாமல், ஹத்துபஸ்து சர்வேக்கு, அதாவது அரசு சர்வேயர் வந்து எல்லை அளந்து காட்டுவதற்கு, விண்ணப்பித்து, சர்வேயர் எல்லைக்கல் காட்டிய பிறகே குழி தோண்ட வேண்டும். சதுரமான ஒரு ஏக்கரின் பக்கம் சுமார் 209 அடி. அதில் ஓரடி தள்ளி நட்டாலே 209 சதுர அடி போய்விடும். ஏக்கரில் நாற்பதில் ஒரு பங்கான குண்டே என்பதே 1,089 சதுர அடிதான்.

வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் பாய்ச்சுவது

கொலை. பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து யானை இறங்கும் பகுதி என்பதற்காகவும் செய்யக் கூடாது.

பழுது பார்க்கும்போது

இறுகியிருக்கும் முள்கம்பியை வெட்டினால் அது சுருண்டு முகத்துக்கே வரும். வெட்டும் இடத்தின் இருபுறமும் கம்பியை முதலில் பக்கத்துத் தூண்களோடு கட்டி நிறுத்திக்கொள்ள வேண்டும். அறுந்த இரு முனைகளையும் நேருக்கு நேர் இழுத்து முறுக்கினால் முறுக்கிய இடமே மறுபடி அறும். ஒவ்வொரு முனையிலும் ஒரு காது வளைத்து, இடையில் புதிய துண்டைக் கோத்து, அங்கேயே இறுக்குவது சரியான முறை.

நிலத்தில் ஓடைப்பள்ளம் குறுக்கிட்டால், அதன் சரிவுக்கு ஏற்பக் கம்பியைக் கீழே இழுத்துக் கட்டுகிறார்கள். இறுகிய கம்பி நேராகவே நிற்கப் பார்க்கும் என்பதால், பள்ளத்துத் தூண் ஒவ்வொரு மழைக்கும் சிறிது சிறிதாக மண்ணிலிருந்து கழன்று மேலே வரும். கம்பியை மேட்டுக்கு மேடு நேராக ஓடவிட்டு, கீழே திறந்திருக்கும் இடத்துக்குத் தனியே ஒரு துண்டு வலையைத் தொங்கவிட்டால் போதும். வெள்ளத்தில் சருகும் சுள்ளியும் வந்து அடைத்தால் அந்த வலை மட்டும் கழன்றுகொள்ளும். நான் கார்த்திகையில் அதைக் குப்பை நீக்கி மறுபடி மாட்டுகிறேன், மேலே ஓடும் வேலியைத் தொட வேண்டியிருப்பதில்லை.