என்பு மச்சை மாற்றத்துக்குப் பிறகு: மிஞ்சிய பழைய கலமெல்லாம் எதிரி இல்லை

மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கிளினிக் முடிந்து வெள்ளவத்தைக்குத் திரும்பும் குடும்பங்கள் ரிப்போர்ட்டில் முதலில் தேடுவது ஓர் எண்ணைத்தான்: கொடையாளியின் கலங்கள் எத்தனை வீதம்? 100 என்றால் நிம்மதி. 97 என்றால் வீட்டில் ஒருவருக்கும் நித்திரை இல்லை.

இரண்டுமே அவசரத் தீர்ப்பு. அந்த எண் இரத்தத்தின் கணக்கு. இரத்தத்தில் 100 வந்தாலும் தோலிலும் குடலிலும் நோயாளியின் சொந்த டி கலங்கள் (நோய் எதிர்ப்புக் கலங்களில் ஒரு வகை) மாதக்கணக்கில் தங்கியிருக்கலாம். அவற்றையெல்லாம் புற்றுநோய்க் கலங்கள் என்று நினைப்பது பெரிய பிழை. எண் தொடர்ந்து இறங்கினால் கதை வேறு. அதை வைத்தியர் பார்த்துக்கொள்வார்.

மிஞ்சுபவற்றில் ஒழுங்காக்கும் டி கலங்களும் உண்டு. மற்றக் கலங்கள் எல்லை மீறாமல் அடக்கி வைப்பவை இவை. 1995இல் இவற்றை இனங்காட்டிய ஷிமோன் சகாகுச்சிக்கு 2025 நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. எலிகளில் பார்த்தபோது, கதிர்வீச்சை இவை மற்ற டி கலங்களைவிட நன்றாகத் தாங்கின, பிறகு பெருகவும் செய்தன. கொடையாளியின் கலங்கள் நோயாளியின் உடலையே தாக்கும் ஜிவிஎச்டியைத் தணிக்கவும் உதவின. எலியில் கண்டது அப்படியே மனிதருக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் சொந்தக்காரரின் வைத்தியம். "எதிர்ப்புச் சக்தி குறைஞ்சு போச்சு, சீந்தில் அவிச்சுக் குடுங்கோ" என்பார்கள். சரி, கூடுவது எந்தக் கலம்? அடக்குவதா, தாக்குவதா? அது யாருக்கும் தெரியாது. சீந்திலால் ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. ஜிவிஎச்டியும் ஈரலைப் பிடிக்கலாம். ரிப்போர்ட்டில் ஈரல் எண்கள் ஏறினால் காரணம் கசாயமா ஜிவிஎச்டியா என்று வைத்தியர் திண்டாட வேண்டியதுதான்.

அரைகுறையாக வாசிப்பவர்களின் பிழை இன்னொன்று. ஜிவிஎச்டி வராமல் எதிர்ப்புச் சக்தியை அடக்கக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின் குளிசை ஒழுங்காக்கும் கலங்களையும் நெருக்கும் என்பது உண்மைதான். அவற்றுக்கு வேண்டிய இன்டர்லியூக்கின்-2 என்ற புரதத்தின் சுரப்பை அது குறைக்கிறது. அதற்காகக் குளிசையைத் தானாக நிறுத்தினால் தாக்கும் கலங்களின் கட்டும் அவிழ்ந்துவிடும். சைக்ளோஸ்போரின் எடுக்கும் காலத்தில் ஜம்போலாவும் வேண்டாம், அது இரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும்.

இரத்தத்தில் சைக்ளோஸ்போரின் அளவு பார்க்கும் நாளில் காலைக் குளிசையை வழக்கம்போல் விழுங்கிவிட்டு பஸ் ஏறுபவர்கள் நிறையப்பேர். அப்போதுதான் விழுங்கிய மருந்தால் அளவு பொய்யாக ஏறி நிற்கும். அதை நம்பி மருந்தைக் குறைத்தால் ஆபத்து. குளிசையைப் பையில் வைத்துக்கொண்டு போய், இரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள்.