யூசர் ஸ்டோரியில் காற்று எந்தப் பக்கம்?

பாம்பன் நாட்டுப்படகு மீனவர்களுக்கான மொபைல் செயலி வேலையில் எங்கள் அணிக்கு வந்த யூசர் ஸ்டோரி (யாருக்கு, என்ன, எதற்காக வேண்டும் என்று பயனர் பக்கம் நின்று சொல்லும் சிறு குறிப்பு) இது: “பயனராக, எனக்கு வானிலைப் பக்கம் வேண்டும்.” டெவலப்பரும் வெப்பநிலை, ஈரப்பதம், வரைபடம் என்று அழகாகச் செய்து கொடுத்துவிட்டார். கரையில் காட்டினோம். “தம்பி, வெயில் கணக்கு வேண்டாம், காத்து எந்தப் பக்கம்னு சொல்லுங்க” என்றார் ஒரு படகுக்காரர். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடித்தால் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, கொந்தளிக்கும்; வாடையில் (வடகிழக்குக் காற்று) வடகடல், அதாவது பாக் விரிகுடா. அவருக்கு அதுதான் கேள்வியே.

அவருடன் உட்கார்ந்தே மாற்றி எழுதினேன்: “பாம்பன் நாட்டுப்படகு மீனவராக, நாளை விடியலில் தென்கடல், வடகடல் இரண்டிலும் காற்றும் அலையும் எப்படி என்று இன்று மாலையே தெரிய வேண்டும், டீசலும் ஐஸும் வாங்குவதா என்று முடிவெடுக்க.” அந்தக் கடைசித் துண்டுதான் உயிர். அது இல்லையென்றால் எதை விடலாம் என்றே தெரியாது.

யூசர் ஸ்டோரிக்கு வேண்டியவை என்று மென்பொருள் வல்லுநர் ரான் ஜெஃப்ரீஸ் 2001-இல் சொன்ன அட்டை, உரையாடல், உறுதிப்படுத்தல் மூன்றில் நடுவில் உள்ளதைத்தான் பலரும் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் ரொம்பவே ஆதங்கம். ஏற்பு நிபந்தனைகள் (வேலை முடிந்தது என்று ஒப்புக்கொள்ள நிறைவேற வேண்டியவை) எல்லாம் அந்தப் பேச்சிலிருந்தே கிடைத்தன: சிக்னல் போனாலும் கடைசித் தகவல் அது வந்த நேரத்தோடு தெரிய வேண்டும்; எச்சரிக்கை இருந்தால் அதுதான் முதலில்.

குரலில் வாசிப்பதும் கேட்டார்கள். அதைத் தனி ஸ்டோரியாகப் பிரித்து அடுத்த ஸ்பிரிண்டில் (அணி வேலையைப் பிரித்துக்கொள்ளும் குறுகிய காலச் சுற்று) வைத்தோம்.