உயிர்க்கோளக் காப்பகங்களில் மக்களைப் பங்காளராக்குகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யுனெஸ்கோவின் ‘மனிதனும் உயிர்க்கோளமும்’ திட்டத்தில் இலங்கையின் நான்கு காப்பகங்கள் இடம்பெற்றுள்ளன: ஹுருலு (1977), சிங்கராஜ (1978), கன்னெலிய–தெதியகல–நாகியாதெனிய (2004), பூந்தல (2005). அரச அலுவலகங்கள் உள்ள கொழும்பிலும் பத்தரமுல்லையிலும் இருந்து இத்தகைய இடங்களுக்குத் திட்டம் தீட்டுவோர் தவிர்க்க வேண்டிய முதற் பிழை, எல்லைகளை வரைபடத்தில் கீறி முடித்த பின்னர் ஊரவரை அழைப்பதாகும். அப்போது வருகைப் பதிவில் ஒப்பமிடுவதைத் தவிர அவர்களுக்குச் செய்ய எதுவும் மிஞ்சுவதில்லை.

காப்பகம் என்றால் காடு மட்டுமே எனக் கருதுவது அடுத்த தவறு. 1995இல் யுனெஸ்கோ ஏற்றுக்கொண்ட சட்டகத்தின்படி, சட்டப் பாதுகாப்புள்ள மையப் பகுதி, அதைச் சூழ்ந்த தாங்கல் வலயம், மக்கள் வாழ்ந்து பயிர்செய்யும் மாறுநிலை வலயம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே காப்பகம். சிங்கராஜ மழைக்காட்டைச் சூழ்ந்த கிராமத்தவர் தலைமுறைகளாகப் பதநீருக்காகக் கித்துள் பனையைச் சீவியும் பிரம்பும் மரமஞ்சளும் சேகரித்தும் வந்துள்ளனர். அவர்களிடம் கேளாமல் எல்லாவற்றையும் ஒரே அறிவிப்பால் தடைசெய்தால், காட்டை நன்கறிந்தவர்களே குற்றவாளிகளாகிவிடுவர். 1970களில் ஒட்டுப்பலகைக்காக அக்காட்டின் மரங்களைத் தறிப்பித்தது அரசுதான் என்பதையும் இங்கே நினைவிற்கொள்வது நியாயமானது.

என்னை மிகவும் வருத்துவது மூன்றாவது தவறு: ஒரு சங்கத்தின் தலைவரை ஊர் முழுவதற்கும் பிரதிநிதியாகக் கொள்வது. சிங்கராஜவை அடுத்த ரக்வானை, தெனியாயப் பக்கங்களில் காட்டோரத் தேயிலைத் தோட்டங்களின் வரிசை வீடுகளான லயங்களில் தமிழ் பேசும் தொழிலாளர் வாழ்கின்றனர். அவர்களில் பெரும்பாலோருக்குச் சொந்தக் காணி இல்லை. ஆகவே காணி உரிமையாளரை மட்டும் அழைக்கும் கூட்டத்தில் அவர்களுக்கு இடமும் இல்லை. அறிவித்தல் சிங்களத்தில் மட்டும் வந்தாலோ, கூட்டம் வேலைநாட் காலையில் வைக்கப்பட்டாலோ, ஒரு நாள் ‘பேரை’ (நாட்சம்பளத்தை) இழந்து எந்தக் கொழுந்து பறிக்கும் பெண் வருவார்? விறகுக்காகக் காட்டோரம் செல்லும் அவருக்குத்தான் எந்த ஓடை வற்றுகிறது என்பது தெரியும்.

சுற்றுலா வருமானத்தை மட்டுமே பலனாகக் காட்டுவதும் போதாது, ஏனெனில் வழிகாட்டி வேலை சில குடும்பங்களுக்கே கிடைக்கும்.

பத்தாண்டுக்கு ஒருமுறை யுனெஸ்கோவுக்கு மீளாய்வு அறிக்கை அனுப்ப வேண்டும். அதன் வரைவை, அனுப்புவதற்கு முன்னரே, இரு மொழிகளிலும் கிராம உத்தியோகத்தர் அலுவலகத்தில் வைப்பதோடு, கொழுந்தை எடைபோட்டு முடிந்த மாலை வேளையில் லயத்திலும் வாசித்துக் காட்டி, எழும் ஆட்சேபங்களைச் சொன்னவரின் சொற்களிலேயே பதிவுசெய்ய வேண்டும்.