கொழுப்பு அமிலக் கோளாறுகள்: 'கீட்டோன் இல்லை' என்று நிம்மதி அடையாதீர்கள்

கொழுப்பை எரிக்க முடியாத பரம்பரைக் கோளாறுள்ள குழந்தைகளைப் பார்க்கும்போது, பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்கள் ஒவ்வொரு ஆண்டும் அதே இடங்களில்தான் வழுக்குகிறார்கள். சர்க்கரை பார்க்க மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன்; அதை யாராவது ஒருவர் பிடித்துவிடுவார்.

கீட்டோன் நெகட்டிவ் என்றால் நார்மலா?

இதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை. இரண்டு நாளாக வாந்தி, சாப்பாடு இல்லை, குழந்தை துவண்டு கிடக்கிறது. ரத்தச் சர்க்கரை 32. சிறுநீரில் கீட்டோன் இல்லை. அதை நார்மல் என்று டிக் அடித்து வைத்திருந்தார் ஒருவர்! பட்டினி கிடக்கும் உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோன் தயாரித்தே ஆக வேண்டும். சர்க்கரை இவ்வளவு இறங்கியும் அது வரவில்லை என்றால், எம்கேட் (MCAD, நடுச்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை எரிக்க முடியாத நிலை), விஎல்கேட் (VLCAD, மிக நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை எரிக்க முடியாத நிலை) போன்ற பரம்பரைக் குறைபாட்டால் கொழுப்பு எரியவில்லை. இல்லையென்றால் அதிகப்படியான இன்சுலின் கொழுப்பை வெளியே விடவில்லை. ரத்தத்தில் தனிக் கொழுப்பு அமிலங்கள் கூடியிருந்தால் முதலாவது, குறைந்திருந்தால் இரண்டாவது. ஸ்டிரிப்பில் கொஞ்சம் கீட்டோன் தெரிந்தாலும் எம்கேட் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். பட்டினிக்கு ஏற்ற அளவு இருக்கிறதா என்று பாருங்கள்.

சந்தேகம் வந்த அந்த நிமிடமே, குளுக்கோஸ் ஏறுவதற்குள், ரத்தம் எடுங்கள்: அசைல்கார்னிடின் (எந்தக் கொழுப்பு அமிலம் எரியாமல் தேங்குகிறது என்று காட்டுவது), இன்சுலின், லாக்டேட், அம்மோனியா. அப்புறம் கிடைக்கும் முதல் சிறுநீரை ஆர்கானிக் அமிலங்களுக்கு அனுப்புங்கள். குழந்தை தேறிய பிறகு எடுத்தால் முடிவு சாதாரணமாகவே வரக்கூடும். நோயின் பெயர் தெரியாமலே குழந்தை வீட்டுக்குப் போய், அடுத்த காய்ச்சலில் திரும்பி வரும். ஆனால் ரத்தம் கிடைக்கவில்லை என்று குளுக்கோஸைத் தள்ளிப்போடவே கூடாது.

சர்க்கரை இறங்கட்டும் என்று காத்திருப்பது

எம்கேட் குழந்தைக்குச் சோர்வும் மயக்கமும் முந்திக்கொள்ளலாம். சர்க்கரை பிறகுதான் விழும்.

ரத்தத்தின் அமிலத்தன்மைக்கு பைகார்பனேட் மட்டும் கொடுப்பது

முதலில் அயனி இடைவெளியை (ரத்தத்தில் நேரடியாக அளக்காத அமிலம் சேர்ந்திருக்கிறதா என்று காட்டுவது) கணக்கிடுங்கள்: சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழித்தால் போதும். இடைவெளி பெரிதாகி, கீட்டோனும் ஏராளமாக இருந்தால் புரொப்பியானிக், மெத்தில்மலோனிக் அசிடீமியா (புரதத்தைச் சரியாகச் சிதைக்க முடியாத பரம்பரை நோய்கள்) பக்கம் யோசியுங்கள். கீட்டோன் குறைந்து லாக்டேட் ஏறியிருந்தால் எல்ச்சாட் (LCHAD) போன்ற, நீள்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை எரிக்க முடியாத கோளாறு இருக்கலாம். எதுவானாலும் உப்புகள் சேர்த்த 10% டெக்ஸ்ட்ரோஸ் ஓடட்டும். உடம்பு தன் கொழுப்பையும் புரதத்தையும் உடைப்பது நின்றால்தான் நெருக்கடி அடங்கும்.

எம்சிடி எண்ணெய்

நடுச்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் கொண்ட இந்த எண்ணெய் நீள்சங்கிலிக் கோளாறுக்கு உதவும். எம்கேட் குழந்தைக்குக் கூடவே கூடாது.

வால்ப்ரோயேட்

இந்தக் குழந்தைகளுக்கு வலிப்பு வந்தாலும் இந்த வலிப்பு மருந்து வேண்டாம். வேறு மருந்து இருக்கிறது.