எலும்புக்கூடு பிரிண்ட் போடலாமா, மொதல்ல தொப்பிய முடிவு பண்ணுங்க

எங்க களியக்காவிளை பக்கம் நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு பூவும் மெழுகுதிரியுமா எல்லாரும் கல்லறைக்குப் போவோம், மெக்சிகோவுல அந்தக் காலத்துல அதே சமயத்துல எலும்புக்கூடு படம் போட்ட மலிவு நோட்டீஸ் விப்பாங்க, கலவேரான்னு பேரு, உயிரோட இருக்கிறவங்களையே செத்தவங்களா வரைஞ்சு கூடவே கிண்டல் பாட்டும் இருக்கும். அதுல பெரிய கை ஹோசே குவாதலூப்பே போசாதா (1852-1913), மெக்சிகோ சிட்டில வனேகாஸ் அரோயோ அச்சகத்துக்கு நிறைய செஞ்சு குடுத்தவர். அவர் அச்செழுத்து உலோகத்துலயும் துத்தநாகத் தகட்டுலயும் செஞ்சத நாம லினோ ஷீட்டுல, அதாவது உளியால லேசா செதுக்க வர்ற மெத்துன்னு இருக்கிற ஷீட்டுல, செதுக்கலாம்.

யாரைக் கிண்டல் பண்றோம்னு முடிவு பண்ண எவ்ளோ நாள் ஆனாலும் பரவால்ல, மண்டை ஓடு எல்லாருக்கும் ஒண்ணுதான, ஆள காட்டிக் குடுக்கிறது மேல இருக்கிற அலங்காரம்தான். இன்னைக்கு கத்ரீனான்னு சொல்ற படத்துல போசாதா உடம்பே வரையல, ஒரு மண்டை, அதுக்கு மேல பூவும் இறகும் வச்ச பெரிய பிரெஞ்சு தொப்பி. பூர்வகுடி வேர மறைச்சு ஐரோப்பாக்காரி மாதிரி காட்டிக்கிட்டவங்கள கர்பன்செரான்னு, அதாவது கொண்டக்கடல விக்கிறவள்னு சொல்லி குத்துன படம் அது. முழு உடம்பும் நீள கவுனும் 1947 சுவர் ஓவியத்துல மெக்சிகோ ஓவியர் தியேகோ ரிவேரா குடுத்தது.

நான் செதுக்குனது மீன் கூடை சுமந்த பாட்டிய வெளிய சொல்லக் கூசுற ஒரு ஆள, மண்டைக்கு கூலிங் கிளாசும் கழுத்தெலும்புல வடம் மாதிரி செயினும். பாட்டியவோ மீனயோ தொடவே கூடாது, அந்தக் கூச்சத்த மட்டும்தான் குத்தணும், இது பிசகுனா படம் வெறும் கேவலமாயிரும்.

ஷீட்ட 10 நிமிஷம் வெயில்ல வச்சா இளகும். படத்த டிரேசிங் பேப்பர்ல வரைஞ்சு திருப்பிப் போட்டு பதிங்க. வெள்ளையா வரவேண்டிய எலும்ப தோண்டி எடுக்கணும், கண்ணுக்குழி, மூக்கு, பல்லு இடுக்கு கோடு எல்லாம் அப்படியே விடணும், அதுலதான் மை ஒட்டும். உளி போற பக்கம் கை வைக்காதீங்க. மைய ரோலர்ல மெல்லிசா தேச்சு, ரோஸ் கலர் நோட்டீஸ் பேப்பர மேல வச்சு கரண்டி முதுகால நடுவுல இருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேய்ங்க.

பாட்டு நாலு வரி போதும். எழுத்தையும் திருப்பித்தான் செதுக்கணும், ‘ழ’ சுழிவுல உளி வழுக்கும், அதனால பாட்ட தனியா பேனாவுல எழுதிக்கிட்டாலும் தப்பில்ல. மொத பிரிண்ட் வெளிறித்தான் வரும், மூணாவதுல கறுப்பு நல்லா பிடிக்கும்.